மின்னஞ்சல் கணக்குப் பறிப்பும் காப்பும்: ஆய்வாளர்களுக்கான ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வாளர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கு மடல் போக்குவரத்துக்கான கருவி மட்டும் அன்று. அவருடைய பிற இணையக் கணக்குகளை மீட்டெடுக்கும் வழியாகவும் அதுவே அமைகிறது. ஆகவே அக்கணக்கு பறிபோனால் அதனோடு பிணைந்த பிறவும் பறிபோகும் நிலை உருவாகிறது. கடினமான கடவுச்சொல் ஒன்றை அமைத்துக்கொண்டால் போதும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. 2008 முதல் 2018 வரை பொதுவெளியில் பதிவான நிகழ்வுகளை நோக்கும்போது, கணக்குகள் பெரும்பாலும் கடவுச்சொல்லை ஊகித்துப் பறிக்கப்படவில்லை என்பதும், அதைச் சுற்றியுள்ள பிற வாயில்கள் வழியாகவே பறிக்கப்பட்டன என்பதும் புலனாகின்றன. மறுபயன்பாடு, போலி உள்நுழைவுப் பக்கம், மீட்பு வழி, வழங்கப்பட்ட அனுமதி என்னும் நான்கு வாயில்களையும் அவற்றை அடைக்கும் முறைகளையும், கணக்கு பறிபோனபின் செய்யவேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்னஞ்சல், கடவுச்சொல், தூண்டில் மடல், இருபடிச் சரிபார்ப்பு, மீட்பு வழி, ஆய்வு அறம்.

முன்னுரை

அறிஞர்களின் கடிதங்கள் ஆய்வுக்குரிய முதன்மைச் சான்றுகள் என்பதைத் தமிழாய்வுலகம் நன்கறியும். உ. வே. சாமிநாதையருக்கு வந்த கடிதங்கள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருப்பதால்தான் அவருடைய பதிப்புப் பணியின் பின்புலத்தை இன்று விரிவாக அறிய முடிகிறது. அக்காலத்தில் கடிதக் கட்டு இருந்த இடத்தில் இன்று மின்னஞ்சல் பெட்டி இருக்கிறது. ஆய்வேட்டின் வரைவுகள், நெறியாளரின் திருத்தங்கள், இதழாசிரியர்களுடன் நடந்த மடல் தொடர்பு, களஆய்வில் பதிவுசெய்த ஒலிக்கோப்புகள், தகவலாளிகளின் பெயர்களும் முகவரிகளும் ஆகிய யாவும் ஒரே கணக்கில் குவிந்துள்ளன.

இவற்றுள் பல, கணக்கின் உரிமையாளருக்கு மட்டும் உரியவை அல்ல. பெயர் வெளியிடப்படாது என்னும் உறுதிமொழியின்பேரில் ஒருவர் அளித்த நேர்காணல், மதிப்பீட்டுக்காக வந்த பிறரது வெளிவராத கட்டுரை, மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் போன்றவை பிறர் நம்பி ஒப்படைத்தவை. ஆகவே மின்னஞ்சல் கணக்கைக் காப்பது தொழில்நுட்பம் சார்ந்த செயல் என்பதோடு ஆய்வு அறம் சார்ந்த கடமையும் ஆகிறது.

1. எல்லாக் கணக்குகளுக்கும் தாய்ச்சாவி

இணையத்தில் ஏதேனும் ஒரு கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனால், ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்னும் இணைப்பைச் சொடுக்குவது வழக்கம். உடனே புதிய கடவுச்சொல்லை அமைப்பதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்கு வரும். கட்டுரை சமர்ப்பிக்கும் தளம், ஆர்கிட் அடையாள எண், மேகச் சேமிப்பகம், சமூக ஊடகம், தேர்வு விண்ணப்பத் தளம் ஆகிய பலவும் இம்முறையையே பின்பற்றுகின்றன. அதாவது, மின்னஞ்சல் பெட்டியைத் திறக்க முடிந்தவர் பிற கணக்குகளின் கடவுச்சொற்களை அறிந்திருக்கத் தேவையில்லை. அவற்றைப் புதிதாக அமைத்துக்கொள்ள அவரால் முடியும்.

இதனால் ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகிறது. எல்லாக் கணக்குகளும் ஒரே அளவு முதன்மை உடையவை அல்ல. ஒருவரிடம் ஐம்பது கணக்குகள் இருக்கலாம். அவற்றுள் முதலில் வலுப்படுத்தவேண்டியது மின்னஞ்சல் கணக்கே. அது வலுவற்றதாக இருக்கும்போது பிற நாற்பத்தொன்பதையும் வலுப்படுத்துவதால் பெரும்பயன் விளைவதில்லை.

2. முதல் வாயில்: ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துதல்

பொறுப்புள்ள இணையதளங்கள் கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைப்பதில்லை. அதை ஒருவழிக் கணக்கீட்டுக்கு உட்படுத்தி, அதன் விளைவாகிய குறியீட்டை மட்டும் சேமிக்கின்றன. குறியீட்டிலிருந்து கடவுச்சொல்லை நேரடியாகத் திருப்பிப் பெற இயலாது. ஆயினும் குறியீட்டுத் தொகுதியைத் திருடியவர், கோடிக்கணக்கான சொற்களைத் தம் கணினியில் அதே கணக்கீட்டுக்கு உட்படுத்தி, விளைவு எங்கே பொருந்துகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் வெவ்வேறு எழுமானக் குறிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் இத்தகைய ஒப்பீடு மிகவும் கடினமாகும். யுனிக்ஸ் இயங்குதளத்தில் இம்முறை கையாளப்பட்டதை இராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினர். இவ்வாறு சேர்க்கப்படும் குறிகளுக்கு ‘உப்பு’ என்று பெயர்.

2012ஆம் ஆண்டு லிங்க்டுஇன் தளத்திலிருந்து திருடப்பட்ட கடவுச்சொற் குறியீடுகள் உப்பு சேர்க்கப்படாதவையாக இருந்தன. அப்போது ஏறத்தாழ 65 இலட்சம் குறியீடுகளே வெளியாயின. ஆனால் 2016ஆம் ஆண்டில், அதே திருட்டைச் சேர்ந்த 11.7 கோடி மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் விற்பனைக்கு வந்தன. யாகூ நிறுவனத்தில் 2013ஆம் ஆண்டு நிகழ்ந்த திருட்டு அதன் 300 கோடிக் கணக்குகளையும் பாதித்தது என்னும் முழுச் செய்தி 2017ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. திருட்டுக்கும் அதன் முழு அளவு வெளிப்படுவதற்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்திருப்பதை இவ்விரு நிகழ்வுகளிலும் காணலாம். இடைப்பட்ட காலத்தில் அம்முழு அளவைப் பயனர் அறியாமலே இருந்துள்ளார்.

இவ்வாறு கிடைத்த முகவரிகளையும் கடவுச்சொற்களையும் பிற தளங்களில் தானியங்கி நிரல்கொண்டு இட்டுப்பார்ப்பது திருடர்களின் வழக்கம். பிற தளங்களிலிருந்து திருடப்பட்ட கடவுச்சொற்களால் தம் பயனர் சிலரின் கணக்குகளும், ஊழியர் ஒருவரின் கணக்கும் திறக்கப்பட்டதாக ட்ராப்பாக்ஸ் நிறுவனம் 2012ஆம் ஆண்டு சூலையில் அறிவித்தது. கருத்தரங்கு ஒன்றின் பதிவுத் தளத்தில் இட்ட கடவுச்சொல்லும் ஜிமெயிலின் கடவுச்சொல்லும் ஒன்றாயின், கூகுள் நிறுவனத்தின் பாதுகாப்பு முழுவதும் அந்தச் சிறு தளத்தின் பாதுகாப்பு அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது.

எனவே மின்னஞ்சலுக்குரிய கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தப்படாததாக இருத்தல் முதல் விதி. அது நீளமானதாக இருத்தல் இரண்டாம் விதி. எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் அமையும் கடவுச்சொற்களின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 20,882 கோடி. 7,776 சொற்கள்கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி எடுத்த நான்கு சொற்களைத் தொடுத்தால் கிடைக்கும் வாய்ப்புகள் ஏறத்தாழ 36 கோடி கோடி. அதாவது, முன்னதைவிடப் பதினேழாயிரம் மடங்குக்கும் மேல். நான்கு சொற்களை நினைவில் கொள்வதும் எளிது. ஆனால் அச்சொற்கள் எழுமானமாக எடுக்கப்பட்டிருக்கவேண்டும். பலரும் அறிந்த செய்யுள் அடியையோ பழமொழியையோ ஆங்கில எழுத்தில் எழுதி அமைத்துக்கொள்வது இதற்கு நிகராகாது. புகழ்பெற்ற தொடர்களும் திருடர்களின் பட்டியல்களில் இடம்பெறக்கூடியவை.

தமிழ் எழுத்திலேயே கடவுச்சொல் அமைக்கலாமா என்னும் ஐயம் இங்கு எழலாம். ஒருங்குறியில் ‘ஒ’கர உயிர்மெய்க்குரிய குறியை ஒரே குறியீட்டெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீட்டெண்களாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு விசைப்பலகையில் முதல் முறையிலும் மற்றொன்றில் இரண்டாம் முறையிலும் பதிவானால், இணையதளம் அவற்றை இருவேறு கடவுச்சொற்களாகக் கருதக்கூடும். மேலும், கூகுள் கணக்கு ஆங்கில விசைப்பலகையில் உள்ள எழுத்து, எண், குறி ஆகியவற்றை மட்டுமே கடவுச்சொல்லில் ஏற்கிறது. ஆகவே தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றை ஆங்கில எழுத்தில் அமைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என்னும் அறிவுரையும் மறுஆய்வுக்கு உட்பட்டுள்ளது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமாகிய நிஸ்ட், 2017ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், காரணமின்றிக் கால இடைவெளியில் கடவுச்சொல்லை மாற்றுமாறு பயனரை வற்புறுத்த வேண்டியதில்லை என்று கூறியது. அடிக்கடி மாற்றும்படி வற்புறுத்தப்படுவோர் பழைய கடவுச்சொல்லின் இறுதியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டி அமைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். கசிவு நேர்ந்ததாகத் தெரிந்தால் உடனே மாற்றவேண்டும் என்பது அவ்வழிகாட்டியின் நிலைப்பாடு. தம் முகவரி கசிந்த பட்டியல்களில் உள்ளதா என்பதை ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்னும் இலவசத் தளத்தில் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

3. இரண்டாம் வாயில்: போலி உள்நுழைவுப் பக்கம்

கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருப்பினும், உரியவரே அதைத் திருடனிடம் தட்டச்சிட்டுக் கொடுத்துவிட்டால் பயனில்லை. அவ்வாறு கொடுக்கச் செய்வதே தூண்டில் மடலின் நோக்கம். கல்வியாளர்களை மட்டுமே குறிவைத்து நடந்த ஒரு நிகழ்வு இங்குக் கருதத்தக்கது.

2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்க நீதித்துறை, ஈரானைச் சேர்ந்த ஒன்பது பேர்மீது குற்றப்பத்திரிகை ஒன்றை வெளியிட்டது. அவர்கள் 2013 முதல் அமெரிக்காவின் 144 பல்கலைக்கழகங்களையும் வேறு 21 நாடுகளின் 176 பல்கலைக்கழகங்களையும் தாக்கினர் என்று அது கூறுகிறது. ஏறத்தாழ 1,00,000 பேராசிரியர்களின் கணக்குகள் குறிவைக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 8,000 கணக்குகள் பறிபோயின. 31 டெராபைட்டுக்கும் மேற்பட்ட கல்விசார் தரவுகள் எடுத்துச்செல்லப்பட்டன என்றும் அக்குற்றப்பத்திரிகை தெரிவிக்கிறது.

இதில் கையாளப்பட்ட முறை எளிமையானது. வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதுவதுபோல் ஒரு மடல் வரும். தாங்கள் அண்மையில் வெளியிட்ட கட்டுரையைப் படித்ததாகவும், அதனோடு தொடர்புடைய வேறு சில கட்டுரைகளில் ஆர்வம் கொண்டுள்ளதாகவும் அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கட்டுரைகளுக்கான இணைப்புகளும் இருக்கும். இணைப்பைச் சொடுக்கினால், பேராசிரியரின் சொந்தப் பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுப் பக்கத்தைப் போன்றதொரு பக்கம் திறக்கும். ஏதோ காரணத்தால் தம் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டதாகக் கருதும் பேராசிரியர் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மீண்டும் இடுவார். அவை திருடர்களைச் சென்றடையும்.

இம்மடலில் அச்சுறுத்தலோ பரிசுப்பணம் பற்றிய ஆசைகாட்டலோ இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆய்வாளர் பெரிதும் விரும்பும் ஒன்று, தம் கட்டுரையைப் பிறர் படித்தனர் என்னும் செய்தி. அதுவே தூண்டிலில் இரையாக வைக்கப்பட்டது. கட்டுரையின் முகப்பில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியும் நிறுவனமும் ஆய்வுத்துறையும் அச்சாவது ஆய்வுலக மரபு. அம்மரபே திருடருக்கு வேண்டிய தகவல்களையும் அளித்துவிடுகிறது. ‘தங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது’, ‘மதிப்பீட்டாளராக அழைக்கிறோம்’, ‘மெய்ப்பைப் பார்வையிடுக’ போன்ற தலைப்புகளில் வரும் மடல்களும் இவ்வகையில் பயன்படக்கூடியவை.

மடலின் மொழிப்பிழைகளைக்கொண்டு போலியைக் கண்டறியலாம் என்னும் பழைய அறிவுரை இனிப் போதாது. பிழையற்ற மொழிநடையைக் கணினியே ஆக்கித்தரும் காலம் இது. நம்பத்தக்க சான்று உலாவியின் முகவரிப் பட்டையில் உள்ள தளப்பெயரே. அதனைப் படிக்கும் முறை வருமாறு: முகவரியின் தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னர் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டு, அதற்கு இடப்புறம் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். ‘பல்கலைக்கழகம்.நூலகம்.வேறுதளம்.காம்’ என ஒரு முகவரி அமைந்தால், அதன் உரிமையாளர் ‘வேறுதளம்.காம்’ என்பதேயாகும், முன்னால் உள்ள சொற்களை அவர் விரும்பியவாறு அமைத்துக்கொள்ளலாம். பூட்டுக் குறியீடும் தளத்தின் நேர்மைக்குச் சான்றாகாது. செய்தி இடைவழியில் பிறரால் படிக்கப்படாது என்பதை மட்டுமே அது உணர்த்துகிறது. போலித் தளமும் அக்குறியைப் பெறமுடியும்.

இருவகைப் பழக்கங்கள் இவ்வாயிலை அடைக்கும். ஒன்று, மடலில் வந்த இணைப்பின் வழியாக எக்கணக்கிலும் நுழையாமை. தளத்தின் முகவரியைத் தாமே தட்டச்சிட்டோ முன்னர்க் குறித்துவைத்த இணைப்பின் வழியாகவோ நுழைதல் வேண்டும். மற்றொன்று, கடவுச்சொல் மேலாண்மைச் செயலியைப் பயன்படுத்துதல். அச்செயலி கடவுச்சொல்லைத் தளப்பெயருடன் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. தளப்பெயரில் ஓர் எழுத்து மாறினும் அது கடவுச்சொல்லை நிரப்பாது. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் செயலி ஏமாறுவதில்லை. வழக்கமாகத் தானே நிரம்பும் கடவுச்சொல் ஒருநாள் நிரம்பவில்லையாயின், அதை எச்சரிக்கையாகவே கொள்ளவேண்டும்.

4. மூன்றாம் வாயில்: மீட்பு வழி

கடவுச்சொல்லை மறந்தவருக்காகத் திறந்துவைக்கப்பட்ட வழியே மீட்பு வழி. உரியவர் நுழையும் அவ்வழியில் பிறரும் நுழையலாம். 2008ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பாலினின் யாகூ கணக்கைக் கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பற்றினார். அவர் கடவுச்சொல்லை ஊகிக்கவில்லை. பிறந்த நாள், அஞ்சல் குறியீட்டெண், கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய மீட்பு வினாக்களுக்குரிய விடைகளைப் பொதுவெளியில் தேடி எடுத்துப் புதிய கடவுச்சொல்லை அமைத்துக்கொண்டார்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டில், ‘வயர்டு’ இதழின் செய்தியாளர் மேட் ஹோனனுக்கு நேர்ந்தது இதனினும் சிக்கலானது. அவருடைய அமேசான் கணக்கில் புகுந்தவர்கள் அங்கிருந்து அவரது கடன் அட்டையின் இறுதி நான்கு இலக்கங்களைப் பெற்றனர். அவற்றையும் முகவரியையும் கூறித் தொலைபேசி வழியாக ஆப்பிள் கணக்கைத் திறந்தனர். ஆப்பிள் மின்னஞ்சலே ஜிமெயிலுக்கு மீட்பு முகவரியாக இருந்ததால் ஜிமெயில் திறந்தது. ஜிமெயில் வழியாக ட்விட்டர் கணக்கு பறிபோயிற்று. இடையில் அவரது கைப்பேசியும் மடிக்கணினியும் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. ஒரு நிறுவனம் பொதுத்தகவலாகக் கருதிய நான்கு இலக்கங்களை மற்றொரு நிறுவனம் அடையாளச் சான்றாகக் கருதியதே இத்தொடர் வீழ்ச்சிக்குக் காரணம். ஜிமெயிலில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால் இது நிகழ்ந்திருக்காது என்று ஹோனனே பின்னர் எழுதினார்.

ஆய்வாளர்களின் மீட்பு வழி பெரும்பாலும் மூன்று இடங்களில் பழுதடைகிறது.

முதலாவது, காலாவதியான கைப்பேசி எண். இந்தியாவில் பயன்பாடற்றுத் துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள்களுக்குப்பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். எம்.ஃபில். பயின்ற காலத்தில் இணைத்த எண் இன்று அறிமுகமற்ற ஒருவரின் கையில் இருக்கக்கூடும். கணக்கின் மீட்புக் குறியீடும் அவருக்கே செல்லும்.

இரண்டாவது, நிறுவன மின்னஞ்சல். முனைவர் பட்டம் முடிந்தபின்போ பணி மாறியபின்போ அது மூடப்படலாம். அதையே மீட்பு முகவரியாக வைத்திருப்பவர் தம் கணக்கைத் தாமே மீட்க முடியாத நிலைக்கு உள்ளாவார். பயன்படுத்தாமல் விட்ட இரண்டாம் ஜிமெயில் கணக்கும் அத்தகையதே. ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023ஆம் ஆண்டு அறிவித்தது.

மூன்றாவது, பிறர் அமைத்துக்கொடுத்த கணக்கு. தகுதித் தேர்வு விண்ணப்பத்தின்போதோ உதவித்தொகைப் பதிவின்போதோ பிரவுசிங் சென்டரில் உள்ளவரே கணக்கைத் தொடங்கிக் கடவுச்சொல்லையும் அமைத்துத் தருவது உண்டு. அக்கணக்கில் மீட்பு எண்ணாக யாருடைய எண் உள்ளது என்பதை உரியவர் உடனே சரிபார்க்கவேண்டும்.

மீட்பு வினாக்கள் கேட்கப்படும் இடங்களில் உண்மையான விடையை அளிக்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. பிறந்த ஊரையும் படித்த பள்ளியையும் ஆய்வேட்டின் தன்விவரக் குறிப்பிலேயே காணமுடியும். பொருத்தமற்ற ஒரு சொல்லை விடையாக அமைத்து, அதைக் கடவுச்சொல் மேலாண்மைச் செயலியில் குறித்துவைப்பதே பாதுகாப்பானது.

5. நான்காம் வாயில்: வழங்கிய அனுமதியும் மூடாத அமர்வும்

கடவுச்சொல்லே இல்லாமலும் கணக்கினுள் நுழைய முடியும். 2017 மே 3 அன்று, அறிமுகமானவர் ஒருவர் கூகுள் ஆவணத்தைப் பகிர்ந்துள்ளதாகப் பலருக்கும் மடல் வந்தது. இணைப்பைச் சொடுக்கியபோது திறந்தது கூகுளின் உண்மையான பக்கமே. ஆனால் அங்கு, ‘கூகுள் டாக்ஸ்’ என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்ட வெளிச்செயலி ஒன்று, மடல்களைப் படிக்கவும் தொடர்புகளைக் கையாளவும் அனுமதி கேட்டது. அனுமதித்தவர்களின் தொடர்புப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அதே மடல் பரவியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கூகுள் இதைத் தடுத்து நிறுத்தியது. போலிப் பக்கம் எதுவும் இல்லாத இத்தாக்குதலில் தளப்பெயரைச் சரிபார்ப்பதாலும் பயனில்லை. எந்தச் செயலி எதற்கு அனுமதி கேட்கிறது என்பதைப் படித்துப்பார்ப்பது ஒன்றே வழி. மேற்கோள் திருத்தம், கோப்பு மாற்றம் போன்ற பணிகளுக்காக முன்னர் அனுமதித்த செயலிகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கு அமைப்புகளில் பார்வையிட்டு வேண்டாதவற்றை நீக்கவேண்டும்.

மூடாத அமர்வும் இவ்வகையினதே. ஆய்வேட்டை அச்சிடுவதற்காக ஜெராக்ஸ் கடைக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்து, கோப்பைத் தரவிறக்கியபின் வெளியேறாமல் வருவது எளிதில் நிகழக்கூடியது. துறையின் பொதுக் கணினியில் ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்னும் வினாவுக்கு இசைவு தருவதும் அத்தகையதே. அச்சிடவேண்டிய கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச்செல்வது இரண்டையும் தவிர்க்கும். தவிர்க்க இயலாதபோது உலாவியின் மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்தி, பணி முடிந்ததும் வெளியேறி, அதனை மூடிவிட வேண்டும். எனினும் விசையழுத்தங்களைப் பதிவுசெய்யும் தீநிரல் அக்கணினியில் இருப்பின் மறைநிலைச் சாளரமும் காவாது.

6. இரண்டாம் படியின் பயனும் எல்லையும்

மேற்கண்ட வாயில்களுள் முதலிரண்டையும் பெருமளவு அடைப்பது இருபடிச் சரிபார்ப்பு. கடவுச்சொல்லுக்குப்பின், உரியவரிடம் மட்டுமே உள்ள ஒரு பொருளை அது சான்றாகக் கேட்கிறது. அப்பொருள் எது என்பதைப் பொறுத்துப் பாதுகாப்பின் அளவும் வேறுபடுகிறது. நியூயார்க் பல்கலைக்கழகம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் ஆகியவற்றுடன் இணைந்து நிகழ்த்திய ஆய்வின் முடிவுகளைக் கூகுள் 2019ஆம் ஆண்டு வெளியிட்டது. அதன்படி, குறுஞ்செய்திக் குறியீடு தானியங்கித் தாக்குதல்களில் 100 விழுக்காட்டையும், பெருந்தொகையாக அனுப்பப்படும் தூண்டில் மடல்வழித் தாக்குதல்களில் 96 விழுக்காட்டையும், குறிப்பிட்ட ஒருவரை இலக்காகக் கொண்ட தாக்குதல்களில் 76 விழுக்காட்டையும் தடுத்தது. கைப்பேசித் திரையில் தோன்றும் ஒப்புதல் கேட்கும் முறை, இறுதி இருவகையில் முறையே 99, 90 விழுக்காடு தடுத்தது. கையடக்கப் பாதுகாப்புச் சாவி மூன்றுவகைத் தாக்குதல்களையும் முழுமையாகத் தடுத்தது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்ணையும் போலிப் பக்கத்தில் இடச்செய்ய முடியும். தொலைபேசியில் பேசி அதைக் கேட்டும் பெறலாம். போலிச் சான்றுகள்கொண்டு மாற்றுச் சிம் அட்டையைப் பெற்றும் கைப்பற்றலாம். பாதுகாப்புச் சாவி, கடவுச்சொல் மேலாண்மைச் செயலியைப்போலவே, தளப்பெயரோடு பிணைக்கப்பட்டது. போலித் தளத்துக்கு அது விடையளிப்பதில்லை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியன 2022ஆம் ஆண்டு கூட்டாக ஆதரவளித்த ‘பாஸ்கீ’ முறையும் இக்கோட்பாட்டையே கைப்பேசியின் விரல்ரேகை அல்லது திரைப்பூட்டு வழியாகச் செயற்படுத்துகிறது. இதற்குத் தனிச்செலவு இல்லை. எனினும் குறுஞ்செய்தி முறை மட்டுமே வாய்க்கும் இடத்தில் அதனையேனும் இயக்குவது, எதுவும் இல்லாதிருப்பதைவிட மிகமேலானது என்பதை மேற்கண்ட எண்கள் காட்டுகின்றன.

பூட்டு வலுக்கும்போது சாவி தொலைவதால் வரும் துன்பமும் மிகும். களஆய்வின்போது கைப்பேசி தொலைந்தால் உரியவரே வெளியே நிற்க நேரும். இதற்காகவே கூகுள் ஒருமுறை மட்டும் பயன்படும் பத்துக் காப்புக் குறியீடுகளை வழங்குகிறது. அவற்றை அச்சிட்டுப் பட்டச் சான்றிதழ்களோடு வைப்பது நன்று. அக்குறியீடுகளை அதே மின்னஞ்சலில் சேமிப்பது, வீட்டுச் சாவியை வீட்டினுள் வைத்துப் பூட்டுவதை ஒக்கும்.

7. கணக்கு பறிபோனபின்

கணக்கைப் பறித்தவர் முதலில் செய்வது மீட்பு எண்ணையும் முகவரியையும் மாற்றுவதே. கூகுள் கணக்கில் மீட்பு எண் மாற்றப்பட்டாலும், பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பு ஏழு நாள்கள்வரை வழங்கப்படலாம். எனவே காலம் தாழ்த்தாமை இன்றியமையாதது. செய்யவேண்டியன வருமாறு:

1. வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியிலிருந்தும் இடத்திலிருந்தும் கணக்கு மீட்புப் பக்கத்தை அணுகுதல். பழக்கமான கருவியும் இடமும் உரியவர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படும். அக்கணினியில் தீநிரல் இருப்பதாக ஐயம் எழுந்தால் அதை முதலில் நீக்குதல்.

2. கணக்கு மீண்டதும் கடவுச்சொல்லை மாற்றி, பிற கருவிகள் அனைத்திலிருந்தும் வெளியேற்றுதல்.

3. மீட்பு எண், மீட்பு முகவரி, மடல்களைத் தானே வேறு முகவரிக்கு அனுப்பும் விதிகள், வடிகட்டிகள், அனுமதி பெற்ற செயலிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல். கடவுச்சொல்லை மாற்றியபின்னரும் முன்னனுப்பல் விதி செயற்பட்டுக்கொண்டே இருக்கும். திருடர் வெளியேற்றப்பட்டாலும் மடல்களின் படி அவருக்குச் சென்றுகொண்டிருக்கும். பலரும் தவறவிடும் இடம் இதுவே.

4. அக்கணக்கோடு பிணைந்த பிற கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுதல்.

5. தொடர்பில் உள்ளோருக்குத் தொலைபேசி முதலிய வேறு வழியில் செய்தியறிவித்தல். அவசரமாகப் பணம் கேட்டு உரியவர் பெயரால் மடல் சென்றிருக்கக்கூடும். தகவலாளிகளின் தரவுகள் வெளிப்பட்டிருக்க வாய்ப்பிருப்பின் அவர்களுக்கும் நெறியாளருக்கும் உண்மையைத் தெரிவித்தல் ஆய்வாளரின் கடமை.

6. முறையீடு செய்தல். இந்தியாவில் தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில் பதிவுசெய்யலாம்; பண இழப்பு நேர்ந்திருப்பின் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கவேண்டும். பிறரது கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவின்கீழும், கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவின்கீழும் குற்றங்களாகும். இரண்டுக்கும் மூன்றாண்டுகள்வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கப்படலாம்.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• மின்னஞ்சல் கணக்கு பிற கணக்குகளுக்கெல்லாம் தாய்ச்சாவியாதலின், பாதுகாப்பு அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

• கடவுச்சொல்லின் கடுமையைவிட, அது வேறெங்கும் பயன்படுத்தப்படாமல் தனித்து இருப்பதே முதன்மையானது.

• பேராசிரியர்கள்மீதான தாக்குதலில் கல்வியாளர்களின் ஆர்வமே தூண்டிலாயிற்று. கற்றோர் ஏமாறமாட்டார் என்னும் எண்ணத்துக்கு அந்நிகழ்வில் ஆதாரமில்லை. தளப்பெயரைச் சரிபார்க்கும் பழக்கமும் தளப்பெயரோடு பிணைந்த கருவிகளுமே காப்பாகும்.

• மீட்பு வழி கணக்கின் பின்வாயில்; பணியோ எண்ணோ மாறும்போதெல்லாம் அதைப் புதுப்பிக்கவேண்டும்.

• இருபடிச் சரிபார்ப்பையும் காப்புக் குறியீடுகளையும் ஒருசேர அமைத்துக்கொள்ள வேண்டும்.

இவையனைத்தையும் செய்துமுடிக்க ஒரு பிற்பகல் பொழுது போதுமானது. ஆய்வு நெறிமுறைகளைக் கற்பிக்கும் பாடத்தில் மேற்கோள் முறையோடும் கருத்துத் திருட்டுத் தவிர்ப்போடும் இதனையும் ஓர் அலகாகச் சேர்ப்பது பொருந்தும். தகவலாளிக்கு ஆய்வாளர் அளிக்கும் உறுதிமொழியின் பெறுமதி, அத்தகவல் சேமிக்கப்பட்டுள்ள கணக்கின் உறுதியைப் பொறுத்தே அமைகிறது.